டிஃபென்ஸ் ஜெயிச்சுக் கொடுக்குது, அப்புறமும் சின்னப் பையன் குவாட்டர்பேக் ஏன் தேறமாட்டேங்கிறான்?

2022 நவம்பர் 20, ஃபாக்ஸ்பரோ, அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக் என்எஃப்எல்ல ஒரு ஆட்டம். நியூயார்க் ஜெட்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் கடைசி நிமிஷம் வரைக்கும் 3-3ன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்கறாங்க. ஜெட்ஸ் டிஃபென்ஸ், அதாவது தடுக்கற ஆளுங்க, அன்னைக்கு ஒரு டச்டவுன்கூட (பந்த எதிராளியோட கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோறது, கூட உதைக்கற ஒன்னோட சேர்த்து 7 பாயின்ட்) விடல. அப்பதான் ஜெட்ஸ் உதைச்ச பண்ட்ட மார்கஸ் ஜோன்ஸ் பிடிச்சாரு, 84 யார்டு ஓடுனாரு, டச்டவுன், கடிகாரத்துல 5 செகண்ட் மிச்சம், 10-3, கதை முடிஞ்சுது. ஜெட்ஸோட ரெண்டாம் வருஷ குவாட்டர்பேக் (பந்த எறியற ஆளு) ஸாக் வில்சன் எறிஞ்ச 22 பாஸ்ல 9 தான் போய்ச் சேர்ந்துச்சு, மொத்தம் 77 யார்டு. ரெண்டாம் பாதி பூரா அந்த அஃபென்ஸ் (பந்த வச்சு ஆடற ஆளுங்க) நகர்ந்தது 2 யார்டு. ரெண்டு டிரைவ் (பந்து கைக்கு வந்ததுலேர்ந்து போற வரைக்கும் ஒரு டிரைவ்) இல்ல, ரெண்டு யார்டு. ஆட்டம் முடிஞ்சதும் நிருபர்கள் "டிஃபென்ஸ கைவிட்டுட்டோம்னு தோணுதா"ன்னு கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு. அந்த வாரமே பெஞ்சுக்குப் போனாரு.

இப்ப இன்னொரு ஆட்டம். 2024 செப்டம்பர் 29, டென்வர் பிராங்கோஸ், எதிர்ல அதே ஜெட்ஸ். டென்வரோட ரூக்கி (முதல் வருஷ ஆளு) குவாட்டர்பேக் போ நிக்ஸ் 25 பாஸ்ல 12, வெறும் 60 யார்டு. முதல் பாதில அவரோட பாஸிங் யார்டு மைனஸ் 7. வில்சனோட நாளவிட இது நல்ல நாள்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா டென்வர் டிஃபென்ஸ் ஜெட்ஸ 9 பாயின்ட்ல நிறுத்திடுச்சு, கடைசி நிமிஷத்துல ஜெட்ஸோட 50 யார்டு ஃபீல்ட் கோல் (பந்த கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு 3 பாயின்ட் எடுக்கறது) வெளிய போச்சு, 10-9ன்னு ஜெயிச்சாச்சு. நிக்ஸ் அடுத்த வாரமும் ஆடுனாரு, சீசன் முடியறப்ப 29 டச்டவுன் பாஸ், 10-7 (10 வெற்றி, 7 தோல்வி), டென்வர் 2015 சீசனுக்கு அப்புறம் முதல்முறையா பிளேஆஃப் போச்சு.

ரெண்டு டீமுக்கும் டிஃபென்ஸ் பலம். ரெண்டு பேரும் டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் காலேஜ் பையன்கள வரிசையா எடுக்கறதுல, முதல் ரவுண்டு பையன்கள். ஒருத்தர் அங்க உடைஞ்சாரு, இன்னொருத்தர் தேறுனாரு. "டிஃபென்ஸ் நல்லா இருந்தா சின்னப் பையனுக்கு ஈஸி"ன்னு டிவில சொல்றது பாதி உண்மைதான். மிச்சப் பாதி என்னன்னு அடிப்படையிலேர்ந்து பார்ப்போம்.

## முதல்ல ஆட்டம் எப்படி ஓடுது

இது அமெரிக்கன் ஃபுட்பால், கால்பந்து இல்ல. ஒரு பக்கம் 11 பேர், மைதானம் 100 யார்டு. பந்து வச்சிருக்கற டீமுக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்னுக்கும் டவுன்னு பேரு. நாலு டவுனுக்குள்ள 10 யார்டு நகர்ந்தா புதுசா நாலு டவுன் கிடைக்கும். நகர முடியலன்னா பொதுவா நாலாவது டவுன்ல பந்த தூர உதைச்சு எதிராளிகிட்ட கொடுத்துடுவாங்க, அதுதான் பண்ட். பந்தோட இருக்கற 11 பேர் அஃபென்ஸ், தடுக்கற 11 பேர் டிஃபென்ஸ், ஒரே டீம்லயே இது ரெண்டும் தனித்தனி ஆளுங்க. அஃபென்ஸோட மூளை குவாட்டர்பேக். ஒவ்வொரு பிளேயும் பந்து அவன் கைக்கு வந்துதான் போகும், ஒன்னு ஓடறவன்கிட்ட கொடுக்கணும், இல்ல எறியணும், இல்ல தானே ஓடணும்.

கவனிக்க வேண்டியது ஒன்னு. குவாட்டர்பேக்கும் அவனோட சொந்த டிஃபென்ஸும் ஒரே நேரத்துல மைதானத்துல நிக்கறதே இல்ல. அப்புறம் எப்படி டிஃபென்ஸ் அவனுக்கு உதவுது?

## டிஃபென்ஸ் கொடுக்கற மூணு சலுகை

1. இடம். எதிராளிய சீக்கிரம் நிறுத்திட்டா பந்து நல்ல இடத்துல கைக்கு வரும். சொந்த 20 யார்டு கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கறவன் டச்டவுனுக்கு 80 யார்டு போகணும், நடுக்கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கறவன் ரெண்டு மூணு நல்ல பிளே போட்டாலே ஃபீல்ட் கோல் தூரத்துக்கு வந்துடுவான். பையன் பெருசா ஒன்னும் பண்ணாமலேயே ஸ்கோர்போர்டுல 3 ஏறும்.

2. ஸ்கோர். எதிராளி 13, 14 பாயின்ட்லயே நின்னுட்டா நம்ம பையன் 30 பாயின்ட் துரத்த வேண்டியதில்ல. பின்தங்குனாதான் எறிஞ்சே ஆகணும், எறிஞ்சே ஆகணும்னு எதிராளிக்கும் தெரிஞ்சுட்டா அவங்க பாஸ் ரஷ்ஷர்கள் ரன்னப் பத்தி (பந்தோட ஓடறதப் பத்தி) யோசிக்காம நேரா குவாட்டர்பேக் மேல பாய்வாங்க. இன்டர்செப்ஷனும் (பாஸ எதிராளி பிடிச்சுடறது) சாக்கும் (எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்க வீழ்த்தறது) கொத்தா விழறது அப்பதான். முன்னாடி இருந்தாலோ சமமா இருந்தாலோ ஓடலாம், ஏமாத்தலாம், பிளே ஆக்ஷன் போடலாம், அதாவது ரன்னர்கிட்ட கொடுக்கற மாதிரி பாவ்லா காட்டிட்டு எறியறது.

3. பொறுமை. இது மனசு சம்பந்தப்பட்டது, ஆனா உண்மையான விஷயம். மூணாவது டவுன், 11 யார்டு வேணும், ஆள் யாரும் ஃப்ரீ இல்ல. டிஃபென்ஸ் மேல நம்பிக்கை இருக்கற பையன் பந்த வெளிய எறிஞ்சுட்டு பண்ட்டுக்கு விட்டுடலாம். பண்ட் ஒரு தோல்வி இல்லன்னு அந்த டீம்ல எல்லாருக்கும் தெரியும். டிஃபென்ஸ் மோசமான டீம்ல அந்தப் பையனுக்கு அந்த உரிமை இல்ல, ஒவ்வொரு டிரைவும் கடைசி பஸ்ஸு மாதிரி ஓடிப் பிடிக்கணும்.

கிரிக்கெட்ல சொல்லணும்னா, பௌலிங் பலமான டீம்ல சின்னப் பையன் பேட்ஸ்மேன் 140 துரத்தறதுக்கும் 220 துரத்தறதுக்கும் உள்ள வித்தியாசம். முதல் கேஸ்ல அவன் முப்பது பந்து நின்னாலே போதும்.

இது மூணும் நிஜம்தான். ஆனா மூணையும் திரும்பப் படிச்சுப் பாருங்க, மூணுமே அவன் செய்ய வேண்டாதத சொல்லுது. தூரம் போக வேண்டாம், துரத்த வேண்டாம், ரிஸ்க் எடுக்க வேண்டாம். சரி, அப்ப அவன் எப்பதான் கத்துக்குவான்?

## என்ன கத்துக்கணும்: அந்த 40 செகண்ட்

ஒரு பிளே முடிஞ்சதுலேர்ந்து அடுத்த பிளே ஆரம்பிக்க 40 செகண்ட். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கற ஸ்பீக்கர்ல கோச் பேசறது கேட்கும், கடிகாரத்துல 15 செகண்ட் மிச்சம் இருக்கறப்ப அது கட் ஆயிடும். அதுக்கப்புறம் பையன் தனி ஆளு.

அந்தக் கொஞ்ச நேரத்துல அவன் எதிர்ல நிக்கற 11 பேரப் படிக்கணும். பின்னாடி சேஃப்டி (கடைசிக் காவல் ஆளு) ஒருத்தன் நிக்கறானா ரெண்டு பேரா, லைன்பேக்கர் (டிஃபென்ஸோட நடு வரிசை ஆளு) முன்னாடி நகர்றது நிஜமா பிளிட்ஸ் (குவாட்டர்பேக் மேல பாயறது) வர்றதுக்கா இல்ல சும்மா பயமுறுத்தவா, இந்தப் பக்கம் அஞ்சு பேர் வந்தா நம்ம அஞ்சு பிளாக்கர்ல யாரு யாரப் பிடிக்கறது, கூப்பிட்ட பிளே இதுக்கு சரிப்படுமா இல்ல மாத்தணுமா. ஸ்னாப் ஆனதும் (பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்ததும்) எதிராளி வேஷத்த கலைச்சு வேற கவரேஜுக்கு, அதாவது வேற தடுப்பு அமைப்புக்குப் போவான். இப்ப கையில சுமார் ரெண்டரை, மூணு செகண்ட். முதல் ஆளப் பார்க்கணும், மூடியிருந்தா ரெண்டாவது, அதுவும் மூடியிருந்தா மூணாவது, இதுக்கு நடுவுல 130 கிலோ ஆளு ஒருத்தன் விலா எலும்புக்குப் பக்கத்துல வர்றது தெரிஞ்சும் கண்ண கீழ இறக்கக் கூடாது.

காலேஜ்ல பெரும்பாலான பையன்கள் இதுல பாதி வேலைய செஞ்சதே இல்ல. சைட்லைன்ல அட்டை தூக்கிக் காட்டுவாங்க, அத பார்த்துட்டு முதல் ஆளுக்கு எறிஞ்சா போதும், அந்த ஆளும் அஞ்சு யார்டு ஃப்ரீயா நிப்பான். என்எஃப்எல்ல ஃப்ரீங்கறதுக்கு அர்த்தமே வேற, ஒரு கை நீளம் இடைவெளி இருந்தா அது ஃப்ரீ.

இத போர்டுல எழுதிக் கத்துக்கொடுக்க முடியாது. பிராக்டிஸ்லயும் ஓரளவுக்குத்தான், ஏன்னா பிராக்டிஸ்ல குவாட்டர்பேக்க யாரும் தொடக் கூடாது, அதுக்கு மேல 2011 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சீசன் ஓடற காலத்துல பேட் கட்டி ஆடற பிராக்டிஸ் மொத்தம் 14 தான். ஆக ஆட்டத்துல, கஷ்டமான டவுன்ல, எறிஞ்சு தப்பு பண்ணித்தான் கத்துக்கணும். பலமான டிஃபென்ஸ் இருக்கற டீம் சேமிக்கறது சரியா அந்த டவுனைத்தான்.

## சான்செஸும் மூணு கலரும்

இதுக்கு நல்ல உதாரணம் மார்க் சான்செஸ். 2009 டிராஃப்ட்ல அஞ்சாவது ஆளா ஜெட்ஸ் எடுத்தாங்க. காலேஜ்ல அவரு ஸ்டார்ட் பண்ணது (ஆரம்பத்துலேர்ந்தே குவாட்டர்பேக்கா இறங்குனது) 16 ஆட்டம்தான். கோச் ரெக்ஸ் ரையன், டிஃபென்ஸ்ல ஊறுனவரு, அந்த வருஷம் ஜெட்ஸ் டிஃபென்ஸ் பாயின்ட்லயும் சரி யார்டுலயும் சரி லீக்லயே நம்பர் 1. ரன்னிங்கும் நம்பர் 1. அந்த சீசன்ல அவங்க ஓடுனது 607 தடவை, எறிஞ்சது 393 தடவை.

இவ்வளவு ஓட்டியும் பையன் தடுமாறுனாரு. அக்டோபர்ல பஃபலோ பில்ஸோட ஆட்டத்துல தாமஸ் ஜோன்ஸ் தனியா 210 யார்டு ஓடுறாரு, சான்செஸ் 5 இன்டர்செப்ஷன், ஓவர்டைம்ல 16-13ன்னு தோல்வி. நவம்பர்ல பேட்ரியாட்ஸ்கிட்ட இன்னொரு 4. டீம் 4-6. அப்ப ரையன் ஒரு யோசனை பண்ணாரு, டிராஃபிக் சிக்னல் மாதிரி மூணு கலர். சிவப்புன்னா பந்த பத்திரமா வச்சுக்கோ, மஞ்சள்னா பார்த்து, பச்சைன்னா துணிஞ்சு எறி. அந்தந்த சூழ்நிலைக்கு என்ன கலர்னு பையனுக்கு முன்கூட்டியே தெரியும். ஓடறப்ப சறுக்கி விழத் தெரியாம அடி வாங்கறாருன்னு யாங்கீஸ் பேஸ்பால் மேனேஜர் ஜோ ஜிரார்டிய கூப்பிட்டு சறுக்கப் பழக்கிவிட்டாங்க, இதுவும் நடந்தது.

கலர் வேலை செஞ்சுது. கடைசி ஆறு ஆட்டத்துல அஞ்சு ஜெயிச்சு 9-7, பிளேஆஃப்ல சின்சினாட்டில ஜெயிச்சாங்க, சான்டியாகோல ஜெயிச்சாங்க, ஏஎஃப்சி ஃபைனல்ல (லீக்ல ஒரு பாதிக்கான ஃபைனல், அதுல ஜெயிச்சா லீக் ஃபைனலான சூப்பர் பௌல்) இன்டியானாபொலிஸ்கிட்ட 30-17ன்னு தோத்தாங்க. அடுத்த வருஷம் பிளேஆஃப்ல இன்டியானாபொலிஸ் குவாட்டர்பேக் பெய்டன் மானிங்க அவரு ஊர்ல, பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடிய அவரு ஊர்ல, அடுத்தடுத்த வாரம் ஜெயிச்சு மறுபடியும் ஏஎஃப்சி ஃபைனல். முதல் ரெண்டு வருஷத்துலயும் ஏஎஃப்சி ஃபைனல்னா பையன் தேறிட்டான்னுதானே எல்லாரும் நினைப்பாங்க, நினைச்சாங்க.

2011ல டிஃபென்ஸ் சுமாரா இறங்குச்சு, ரன்னிங் படுத்துச்சு, பழைய ரிசீவர்கள் (பாஸ் பிடிக்கறவங்க) ரெண்டு மூணு பேர் போயிட்டாங்க, சான்செஸ் 543 தடவை எறிய வேண்டி வந்துச்சு. 26 டச்டவுன், 18 இன்டர்செப்ஷன், 8-8. 2012ல 13 டச்டவுன், 18 இன்டர்செப்ஷன், அந்தத் தேங்க்ஸ்கிவிங் ராத்திரி சொந்த பிளாக்கரோட பின்பக்கத்துலயே மோதி பந்த விட்ட கதை இன்னைக்கும் வீடியோவா சுத்துது. மூணாவது, நாலாவது வருஷத்துலயும் அவரு பண்ண தப்பு முதல் வருஷத்துத் தப்புதான். கலர் அவர காப்பாத்துச்சு, ஆனா எது சிவப்பு எது பச்சைன்னு தானா கண்டுபிடிக்கற கண்ண கொடுக்கல. அது அவரோட குறையா, கூட இருந்தவங்க குறையான்னு கேட்டா, கலர எப்ப எடுக்கணும்னு திட்டம் இல்லாதது டீமோட குறைன்னுதான் நான் சொல்லுவேன்.

## சுமைய ஏத்துன டீம்கள்

அப்ப ஆரம்பத்துல கட்டிப் போடறதே தப்பான்னா, இல்ல. பென் ராத்லிஸ்பெர்கர் கேஸப் பாருங்க. 2004ல 11வது ஆளா பிட்ஸ்பர்க் எடுத்துச்சு, அவர ஆட வைக்கற எண்ணமே இல்ல, ரெண்டாவது வாரம் டாமி மேடாக்ஸுக்கு அடிபட்டு வேற வழி இல்லாம இறக்குனாங்க. அந்த ரெகுலர் சீசன்ல அவரு ஸ்டார்ட் பண்ண 13 ஆட்டமும் ஜெயிச்சாங்க, சீசன் முழுக்க எறிஞ்சது வெறும் 295 பாஸ். அடுத்த சீசன்ல சூப்பர் பௌலே ஜெயிச்சாச்சு, அதுவும் ஃபைனல்ல அவரு 21க்கு 9, 123 யார்டு, 2 இன்டர்செப்ஷன்னு ஆடிட்டு. சூப்பர் பௌல் ஜெயிச்ச குவாட்டர்பேக்குகள்லயே மோசமான ரேட்டிங் அது.

இதுவரைக்கும் சான்செஸ் கதை மாதிரியேதான் இருக்கு, இல்லையா. வித்தியாசம் 2006லதான் தெரியுது. அந்த வருஷம் பாஸ் 469 ஆச்சு, 18 டச்டவுன், 23 இன்டர்செப்ஷன், டீம் 8-8. சீசனுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள் ஆக்சிடென்ட் வேற. அந்த இடத்துல ஒரு டீம் பயந்துபோய் மறுபடியும் ரன்னுக்கே ஓடியிருக்கலாம். பிட்ஸ்பர்க் 2007ல புது கோச்ச கொண்டுவந்துச்சு, ஆனா அஃபென்ஸ் பொறுப்ப ஏற்கனவே உள்ள இருந்த ரிசீவர் கோச் புரூஸ் ஆரியன்ஸ்கிட்ட கொடுத்துச்சு. பையனுக்குத் தெரிஞ்ச பாஷை மாறல. அந்த வருஷம் 32 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். 23 இன்டர்செப்ஷன் போட்ட அந்த மோசமான வருஷம்தான் அவரு படிச்ச வருஷம், டிஃபென்ஸ் இருந்ததால அந்த வருஷமும் டீம் 8-8ல நின்னுச்சு, 3-13 ஆகல.

நாத்தாங்கால்ல நாத்து வளர்றது நல்லதுதான், ஆனா நாள் பார்த்துப் பறிச்சு வயல்ல நடணும். பறிக்கறப்ப வேர் கொஞ்சம் அறுபடும், ரெண்டு நாள் வாடிப் போய் மஞ்சளா நிக்கும், அதுக்குப் பயந்து விட்டுட்டா அங்கயே முத்திப் போயிடும்.

சியாட்டில்ல ரஸல் வில்சன் கேஸும் இதே வகை, ஆனா இன்னும் மெதுவா. 2012ல மூணாவது ரவுண்டு, 75வது ஆளு. அந்த டிஃபென்ஸ் 2012லேர்ந்து 2015 வரைக்கும் நாலு வருஷமும் லீக்லயே குறைஞ்ச பாயின்ட் விட்ட டிஃபென்ஸ், கூட ஓடறதுக்கு மார்ஷான் லிஞ்ச். வில்சனோட பாஸ் எண்ணிக்கை 393, 407, 452, 483ன்னு வருஷாவருஷம் ஏறுச்சு. நாலு வருஷமும் ஒரே அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (அஃபென்ஸ நடத்தற கோச்). நாலாவது வருஷம் 34 டச்டவுன் பாஸ். இதுக்கு நடுவுல ஒரு சூப்பர் பௌல், 43-8.

## டிஃபென்ஸ் நிரந்தரம் இல்ல

இங்கதான் பல டீம் ஏமாறுது. அஃபென்ஸவிட டிஃபென்ஸ் வருஷத்துக்கு வருஷம் அதிகமா ஏறி இறங்கும், காரணம் அதோட பெரிய வருமானம் டர்னோவர் (எதிராளிகிட்டேர்ந்து பந்தப் பறிக்கறது), டர்னோவர்ல அதிர்ஷ்டம் ஜாஸ்தி. ஃபம்பிள் ஆன (கைலேர்ந்து நழுவுன) பந்து எந்தப் பக்கம் உருளும்னு யாரும் கோச்சிங் கொடுக்க முடியாது.

சிகாகோ பேர்ஸ் 2017ல ஒரே ஒரு இடம் மேல ஏறறதுக்காக டிராஃப்ட் பிக்குகள அள்ளிக் கொடுத்து ரெண்டாவது ஆளா மிட்ச் ட்ரூபிஸ்கிய எடுத்தாங்க, காலேஜ்ல 13 ஸ்டார்ட். (அதே டிராஃப்ட்ல பத்தாவது ஆளா போனவரு பின்னாடி சூப்பர் பௌல்கள ஜெயிச்ச பேட்ரிக் மஹோம்ஸ், அந்தப் புண்ண இங்க கிளற வேண்டாம்.) 2018ல டிஃபென்ஸ் ஸ்டார் கலீல் மேக் வந்தாரு, டிஃபென்ஸ் 36 டர்னோவர் எடுத்துச்சு, 12-4. பையன் வளர்ந்துட்டான்னு பேசுனாங்க. அந்த டிஃபென்ஸ நடத்துன விக் ஃபான்ஜியோ டென்வருக்கு ஹெட் கோச்சா போயிட்டாரு, 2019ல டர்னோவர் 19 ஆச்சு, டீம் 8-8. ட்ரூபிஸ்கி ரெண்டு வருஷமும் ஏறக்குறைய அதே ஆளுதான், மாறுனது அவருக்குக் கிடைச்ச இடமும் ஸ்கோரும்.

## பணக் கணக்கு

அவசரம் ஏன் வருதுன்னா பணத்தால. என்எஃப்எல்ல ஒவ்வொரு டீமும் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு உச்சவரம்பு இருக்கு, சேலரி கேப், 2024ல அது 25.54 கோடி டாலர். 2011லேர்ந்து ரூக்கி சம்பளம் டிராஃப்ட் வரிசைப்படி கிட்டத்தட்ட நிர்ணயிச்ச தொகை. முதல் ஆளா போனவனுக்கே நாலு வருஷத்துக்குச் சுமார் 4 கோடி டாலர்தான், அதாவது வருஷத்துக்கு 1 கோடி. அதே 2024ல டல்லாஸ் தன்னோட குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்குக் கொடுத்த ஒப்பந்தம் வருஷத்துக்கு 6 கோடி.

இந்த 5 கோடி வித்தியாசத்துலதான் பலமான டிஃபென்ஸே கட்டப்படுது. சியாட்டில் சூப்பர் பௌல் ஜெயிச்ச சீசன்ல ரஸல் வில்சன் சம்பளம் 10 லட்சம் டாலரக்கூடத் தொடல. 2015ல அவருக்கு நாலு வருஷத்துக்கு 8.76 கோடி கொடுத்தாங்க, அப்புறம் டிஃபென்ஸ்ல ஒவ்வொருத்தரா பிடிச்சு வைக்கறது கஷ்டமாச்சு.

முதல் ரவுண்டு பையனுக்கு மூணாவது சீசன் முடிஞ்ச மே மாசமே அஞ்சாவது வருஷ ஆப்ஷன் (ஒப்பந்தத்த இன்னொரு வருஷம் நீட்டறது) எடுக்கறதா வேண்டாமான்னு டீம் முடிவு சொல்லணும். ஆக மொத்தம் மூணு சீசன்தான் பார்க்கக் கிடைக்கும். அதுல முதல் ரெண்ட கட்டிப் போட்டு ஓட்டிட்டா, நீங்க கோடிக்கணக்குல முடிவெடுக்கப் போறது ஒரே ஒரு வருஷத்த வச்சு. ட்ரூபிஸ்கிக்கு 2020ல ஆப்ஷன் எடுக்கல.

## யாரு சொல்லிக் கொடுக்கறது

டிஃபென்ஸ் பலமான டீமுக்குப் பல தடவை ஹெட் கோச்சும் டிஃபென்ஸ்காரராவே இருப்பாரு. அதுல தப்பில்ல, ஆனா பையன வளர்க்கற வேலை அப்ப முழுசா அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் தலையில விழும். அவரு நல்லா பண்ணா வேற டீம் ஹெட் கோச்சா தூக்கிட்டுப் போயிடும், மோசமா பண்ணா வேலை போயிடும். எப்படிப் பார்த்தாலும் பையனுக்குப் புது ஆளு, புது பிளேபுக், அதே பிளேக்குப் புதுப் பேரு. அலெக்ஸ் ஸ்மித் 2005ல முதல் ஆளா சான்ஃபிரான்சிஸ்கோ போனாரு, ரூக்கி வருஷம் 1 டச்டவுன் 11 இன்டர்செப்ஷன், அப்புறம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு கோஆர்டினேட்டர். 2011ல ஜிம் ஹார்பா வந்து வேலைய சுருக்கிக் கொடுத்ததும், நல்ல டிஃபென்ஸும் சேர்ந்ததும், 17 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், 13-3. அதே ஆளு, ஏழாவது வருஷத்துல.

ஸாக் வில்சன் கதைல இந்தப் பகுதிய யாரும் பெருசா பேசறதில்ல. 2021ல ஜெட்ஸ் அவர ரெண்டாவது ஆளா எடுத்தப்ப ஹெட் கோச் ராபர்ட் சாலே புதுசு, டிஃபென்ஸ்காரர். பையனுக்குப் பக்கத்துல நிக்கறதுக்குன்னே கிரெக் நாப்ங்கற அனுபவசாலி கோச்ச கூட்டிட்டு வந்தாங்க, அவரு அந்த ஜூலைல சைக்கிள்ல போறப்ப கார் மோதி இறந்துட்டாரு. சீசன் ஆரம்பிச்சப்ப அவருக்குப் பின்னாடி அனுபவமுள்ள குவாட்டர்பேக் ஒருத்தர்கூட இல்ல, ஜோ ஃப்ளாக்கோவ அக்டோபர்லதான் கொண்டுவந்தாங்க. அந்த வருஷ டிஃபென்ஸ் லீக்லயே அதிக பாயின்ட் விட்டது, ஆக பையன் கத்துக்க வேண்டிய வருஷத்துல துரத்திக்கிட்டே இருந்தாரு. அடுத்த வருஷம் டிஃபென்ஸ் திடீர்னு டாப் 5க்குள்ள வந்துடுச்சு, இப்ப தப்பே பண்ணக் கூடாதுன்னு ஆயிடுச்சு. ஃபாக்ஸ்பரோல அந்த 2 யார்டுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. அவருக்குப் பதிலா வந்த மைக் வைட் அடுத்த வாரமே 315 யார்டு எறிஞ்சு சிகாகோவ 31-10ன்னு ஜெயிச்சாரு, 7-4. அதுக்கப்புறம் ஆறு ஆட்டம் வரிசையா தோத்து 7-10. அதாவது குவாட்டர்பேக்க மட்டும் மாத்துனா தீர்ற பிரச்சினையா அது இருக்கல.

டென்வர்ல நேர் எதிர். ஹெட் கோச் ஷான் பேட்டன் அஃபென்ஸ்காரர், 2024ல பிளே கூப்பிட்டதே அவரு, அதனால பையன் வளர்ந்தாலும் அந்த ஆள யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. நிக்ஸ் காலேஜ்ல 61 ஸ்டார்ட் பண்ணிட்டு வந்தவரு. டிஃபென்ஸ் 63 சாக் எடுத்து லீக்ல முதலிடம். இவ்வளவு இருந்தும் அந்த ரூக்கி வருஷத்துல அவர 567 தடவை எறிய விட்டாங்க, 60 யார்டு எடுத்த அந்த ஆட்டத்துக்கு அப்புறமும் குறைக்கல. சான்செஸ் ரூக்கி வருஷத்துல எறிஞ்ச 364ஐ பக்கத்துல வச்சுப் பாருங்க. காலம் மாறிடுச்சு, இப்ப எல்லாருமே அதிகமா எறியறாங்க, இருந்தாலும் டிஃபென்ஸ் கொடுத்த சலுகைய எங்க செலவு பண்ணாங்கங்கறது தெரியுது.

## ஆட்டம் பார்க்கறப்ப எதப் பார்க்கறது

ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கறத கொஞ்சம் ஓரமா வச்சுட்டு இதுகளப் பாருங்க.

1. முதல் டவுன்ல எறியறாங்களா. மூணாவது டவுன், 9 யார்டுன்னா மட்டும் எறிய விட்டா பையன் பார்க்கறது எப்பவுமே கஷ்டமான கேள்வித்தாள்தான், எதிராளிக்கும் பாஸ்னு தெரியும். முதல் டவுன் பாஸ்தான் சுலபமா கத்துக்கற இடம்.

2. ரெண்டாவது ஆளுக்குப் பந்து போகுதா. தலை ஒரு பக்கம் பார்த்துட்டு இன்னொரு பக்கம் திரும்பி எறியறது வருஷ ஆரம்பத்துல எத்தனை, கடைசில எத்தனை. இதுக்கு புள்ளிவிவரமே வேண்டாம், ஹெல்மெட்ட பார்த்தாலே தெரியும்.

3. 10 பாயின்ட் பின்தங்குனா என்ன ஆகுது. டிஃபென்ஸ் பலமான டீமுக்கு இது வருஷத்துல நாலஞ்சு தடவைதான் வரும், அந்த நாலஞ்சும் மிச்ச பத்து பன்னெண்டு ஆட்டத்தவிட நிறைய சொல்லும்.

4. பண்ணுன தப்பு புதுசா பழசா. அக்டோபர்ல அவன ஏமாத்துன அதே லைன்பேக்கர் வேஷம் டிசம்பர்லயும் ஏமாத்துனா பிரச்சினை.

சாம் டார்னால்ட் கதைய இதோட வச்சுப் பார்க்கலாம். 2018ல மூணாவது ஆளா ஜெட்ஸுக்குப் போனாரு, 2019 அக்டோபர்ல பேட்ரியாட்ஸ்கிட்ட 33-0ன்னு அடி வாங்கறப்ப சைட்லைன்ல "பேய் தெரியுது"ன்னு சொன்னது மைக்ல மாட்டிக்கிச்சு. ஜெட்ஸ், கரோலினா, சான்ஃபிரான்சிஸ்கோல பெஞ்சு, அப்புறம் 2024ல மினசோட்டா. பிரையன் ஃப்ளோரஸோட டிஃபென்ஸ், அஃபென்ஸ் தெரிஞ்ச ஹெட் கோச் கெவின் ஓகானல், 35 டச்டவுன் பாஸ், 14-3, வயசு 27. அவரு அங்க வந்ததே ஜே.ஜே. மெக்கார்த்தின்னு பத்தாவது ஆளா எடுத்த பையன் தயாராகற வரைக்கும் இடம் பிடிக்கத்தான், பையனுக்கு முட்டில அடிபட்டு அந்த சீசனே போச்சு. சீசன் முடிஞ்சதும் டார்னால்ட விட்டுட்டாங்க, சியாட்டில் மூணு வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல கொடுத்துச்சு. மினசோட்டா அதே டிஃபென்ஸ், அதே கோச், ரூக்கி சம்பளத்துல மெக்கார்த்தின்னு கணக்குப் போட்டுச்சு. 2025 செப்டம்பர் 8, சிகாகோல அவரோட முதல் ஸ்டார்ட், மூணு குவாட்டர் (ஆட்டத்துல முக்கால்வாசி) தடவுனாரு, ஒரு பாஸ எதிராளி பிடிச்சு டச்டவுனுக்கே ஓடிட்டாங்க, 17-6ன்னு பின்தங்குனாங்க. நாலாவது குவாட்டர்ல ரெண்டு எறிஞ்சு ஒன்னு ஓடி மூணு டச்டவுன், 27-24ன்னு ஜெயிச்சாங்க. அடுத்த வாரம் அட்லாண்டாகிட்ட 22-6ன்னு தோத்தாங்க, கணுக்கால் பிசகி அடுத்த சில ஆட்டம் வெளிய உட்கார்ந்தாரு.